மலைமேல் கட்டிய மஞ்சள் துணி

என் வயதுக்காரர்களே, முழங்காலில் தைலம் தடவிக்கொண்டே படிப்பவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சிங்கப்பூரில் நான் மலை ஏறி வளர்ந்தவள் என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். "லிஃப்ட் கெட்டுப்போய் பன்னிரண்டாவது மாடிக்கு ஏறினதைச் சொல்றீங்களாம்மா?" என்கிறான். மவுண்ட் எமிலி, மவுண்ட் ஃபேபர், பெர்ல்ஸ் ஹில், ஃபோர்ட் கேனிங் என்று நான் விரலை மடக்கினால், "அதெல்லாம் மலையாம்மா?" என்று அடுத்த சிரிப்பு.

சிரிக்கட்டும். அந்த மலைகளில் ஒன்றில் வைத்துத்தான், ஒன்பது வயதில், என் அம்மாவைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினேன். நான்தான் அனுப்பினேனா, அப்பா அனுப்பினாரா, அம்மாவே போனாளா என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளுங்கள்.

அப்போது தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், இடுப்பில் தூக்கும் வயதில் ஒரு தம்பி. மாடி முழுக்கப் பலகை அடித்து ஐந்து குடும்பத்துக்கு அறை பிரித்திருந்தார்கள். பலகை கூரை வரை போகாது. ஒரு அறையில் தும்மினால் நாலு அறையிலிருந்து அதட்டல் வரும். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் ஊமை பாஷைதான். என் அப்பாவும் அம்மாவும் "சோறு போடட்டுமா", "ம்" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்குள் சண்டை என்றுகூட நினைத்திருந்தேன். பலகைதான் காரணம் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வரப்பைவிட உயரமாக எதையும் பார்க்காமல் வளர்ந்தவர். அம்மா தென்காசிப் பக்கம். கதவைத் திறந்தால் மலை நிற்கும் என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை மவுண்ட் எமிலிக்கு அழைத்துப் போனார். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மேலே ஏறி நின்று, மூச்சு வாங்க, "எப்படி மலை!" என்றார். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதையா மலைங்கிறீங்க? எங்க ஊர்ல இதை மேடுன்னுகூடச் சொல்ல மாட்டாங்க."

கேலிதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. பத்து வருஷமாகச் சொந்த மலையைப் பார்க்காமல் இவள் ஏங்குகிறாள் என்று அவர் மனதில் அது போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளே ஆபீசிலிருந்து பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்பக்கத்தில் சிங்கப்பூரிலுள்ள மலைகளையெல்லாம் நீல மசியால் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். போய்வந்தால் கட்டத்தில் சரி போட வேண்டும். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருந்தால் வெள்ளிப் பெட்டியில் வைத்திருப்பேன். எங்கே போனதோ.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலை யாத்திரை. அப்பா கையில் கறுப்புக் குடை. அம்மா கையில் மூடி உடைந்த ஃபிளாஸ்க், அதில் கோப்பி. எனக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, கழுவிச் சுண்ணாம்பு பூசியது. டிராலி பஸ்ஸில் போகும்போது தம்பி சன்னலுக்கு வெளியே பார்த்துக் கூச்சலிடுவான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கச்சாங் பூத்தே. தலையில் தட்டோடு வரும் நம்மவர், பழைய பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, வறுத்த கடலையும் பட்டாணியும் போட்டுத் தருவார். தின்று முடித்ததும் நான் தாளைப் பிரித்து யாரோ ஒரு பிள்ளை போட்ட கணக்கைத் திருத்துவேன். அப்பா சிரிப்பார். "எம் பொண்ணுக்குத் தெரியாததே கிடையாதுலா" என்பார்.

அதுதான் என் வியாதி. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. வகுப்பில் ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் என் கை மேலே இருக்கும். அம்மா என்னை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவுக்கு அதில் பெருமை. வழி, நேரம், பஸ் நம்பர், எதையும் என்னிடம்தான் கேட்பார். நானும் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் டக்கென்று பதில் சொல்வேன். இரண்டு முறை தப்பான பஸ்ஸில் ஏறினோம். அப்போதும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

மவுண்ட் ஃபேபர் ஏறிய நாள் நினைவிருக்கிறது. உச்சியில் கொடிக் கம்பம். கீழே துறைமுகம், தூரத்தில் தீவுகள். அப்பா குடையால் ஒவ்வொரு கப்பலாகக் காட்டினார். "அதோ, அந்தக் கறுப்புப் புகைக்கூண்டு, அது நாகப்பட்டினம் போறது." அம்மா அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தும் திரும்பவில்லை. அப்பா என்னிடம் குனிந்து, "பாத்தியா, உங்கம்மாவுக்கு ஊர் ஞாபகம்" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அந்த வருஷம் எங்கள் மாடியிலிருந்து இரண்டு பெண்களை அவரவர் புருஷன்மார் பிள்ளைகளோடு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். "இடம் பத்தலை, அங்கே இருங்க, பணம் அனுப்புறேன்" என்று. திரும்பக் கூப்பிடவே இல்லை. அதில் ஒருத்தி கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதாள். அதற்கப்புறம் கப்பல் என்றாலே அம்மாவுக்கு ஆகாமல் போயிருக்கும். வாரம் தவறாமல் இந்த ஊரைச் சுற்றிக் காட்டும் புருஷனைப் பார்த்து, கடைசியாக எல்லாவற்றையும் காட்டிவிட்டு அனுப்பப்போகிறார் என்று பயந்திருப்பாள். இது என் யூகம். அவள் சொன்னதில்லை.

காலண்டர் தாளில் கடைசியாக இருந்தது ஃபோர்ட் கேனிங். அதை ஒரே நாளில் முடிக்க முடியாது என்று அப்பா நாலைந்து ஞாயிறு தொடர்ந்து அங்கேயே கூட்டிப்போனார். மலையடியில் மீன் காட்சிசாலை ஒன்று. தம்பி கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றான். அது அந்த வருஷமா, அடுத்த வருஷமா என்பதும் குழப்பம்தான். உச்சியில் பட்டாளத்துக்காரர்கள் இருந்ததால் முழுக்க ஏற விடமாட்டார்கள். சரிவில் வெள்ளைக்காரர்களின் பழைய இடுகாடு. கல்லறைக் கற்களைப் பெயர்த்து மதில் சுவரில் வரிசையாகப் பதித்திருந்தார்கள். அப்பா ஒவ்வொரு கல்லாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"கேப்டன் பெண்டாட்டி, இருபத்திரண்டு வயசு. இது பிள்ளை, ஏழு மாசம். இது இன்னொண்ணு, பதினோரு நாள்."

அம்மா தம்பியை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றி இறுக்கிக்கொண்டாள். "இவங்கெல்லாம் அவங்க ஊருக்குத் திரும்பவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லையே, பாவம். இங்கேயே போய்ச் சேந்துட்டாங்க."

அம்மா மரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்தாள். புல் ஈரமாக இருந்தது. செண்பகமோ என்னவோ வாசனை வந்தது. "நல்ல இடமாத்தான் இருக்கு. காத்து வருது" என்றாள். இடுகாட்டில் நின்று யாராவது இப்படிப் பேசுவார்களா என்று எனக்குக் குழம்பிப்போயிற்று. அப்பா முகம் வாடிவிட்டது. பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே செத்துவிடுவோமோ என்று இவள் கலங்குகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சரிவிலேயே இன்னொரு பக்கம் மலாய் ராஜா ஒருவரின் சமாதி. கெராமத் என்பார்கள். நாலு தூண், ஒரு கூரை, நடுவில் மஞ்சள் பட்டுத் துணி போர்த்திய சமாதி. மஞ்சள் மலாய் அரச குடும்பத்தின் நிறம். அது அம்மாவுக்கு எங்கே தெரியும்? மஞ்சளைப் பார்த்ததும் நம்ம அம்மன் கோயிலுக்கு வந்த மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பெரிய மரம். அதன் தாழ்ந்த கிளைகளில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் துணி கட்டி வேண்டிக்கொள்வார்கள். சமாதியைப் பார்த்துக்கொள்கிறவர் நாகூர்ப் பக்கத்து பாய் ஒருவர். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி. என்ன வேண்டுதல் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னால் அவர் சாம்பிராணி போட்டு, கையேந்தி துஆ கேட்பார்.

அடுத்த ஞாயிறு அம்மா மடியில் ஒரு துணிக்கீற்று கொண்டுவந்தாள். வீட்டிலேயே மஞ்சள் அரைத்து நனைத்துக் காயவைத்தது. அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். நான் அம்மாவோடு நின்றேன். அவள் பாயிடம் குனிந்து ஏதோ சொன்னாள். நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். சாம்பிராணிப் புகையில் தும்மல் வந்து ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அம்மா எம்பிக் கிளையில் துணியைக் கட்டினாள். அவள் கை விரலெல்லாம் மஞ்சள்.

"என்னம்மா வேண்டிக்கிட்டே?"

"வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாதுடி. சொன்னா பலிக்காது."

இறங்கும்போது வழக்கம்போல அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படிகள் செங்குத்தானவை. அம்மாவும் தம்பியும் முன்னால் போனார்கள். அப்பா குரலைத் தாழ்த்தி, "அம்மா என்ன வேண்டிக்கிட்டாங்க? நீ பக்கத்துலதானே நின்னே?" என்று கேட்டார்.

தெரியாது என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்குத் தெரியாததே கிடையாது அல்லவா? கேட்ட மாத்திரத்தில் சொன்னேன்.

"ஊருக்குப் போகணுமாம். அவங்க மலையைப் பாக்கணுமாம்."

ஏன் அதைச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். மாடியில் பெரியவர்கள் எல்லாரும் ஊர் ஊர் என்றுதான் பெருமூச்சு விடுவார்கள். பெரியவர்களுக்கு வேறு ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா "அப்படியா" என்றார். என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பா வந்து நின்று, "கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். உனக்கும் சின்னவனுக்கும்" என்றார். எனக்குப் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்பதால் நான் இங்கேயே இருக்க வேண்டும். அம்மா களைந்த தண்ணீரைக் கொட்ட மறந்து பானையைப் பிடித்தபடி நின்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"உனக்கு எவ்வளவு நாள் பிடிக்குதோ அவ்வளவு நாள் இரு. அவசரமே இல்லை."

அவர் பரந்த மனதோடு சொன்ன சொல் அது. அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அம்மா "சரிங்க" என்றாள். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து அறை அத்தை பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "கொடுத்து வச்சவ!" என்றாள்.

கப்பல்துறையில் அம்மா என் தலையைப் பின்னிவிட்டாள். வீட்டில் பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். "முந்திரிக்கொட்டை, அப்பாவைப் பாத்துக்க" என்றாள். அப்பாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே, "எவ்வளவு சந்தோஷம் பாரு அவளுக்கு, பேச்சே வரலை" என்று என்னிடம் சொன்னார். அவள் முகத்தில் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடம் "ஆமாப்பா" என்றேன்.

ஏழெட்டு மாதம் ஓடியது. பக்கத்து அறை அத்தை எனக்குச் சோறு போட்டாள், தலை வாரினாள். அம்மாவிடமிருந்து அவள் அண்ணன் கையெழுத்தில் கடிதம் வரும். நலம், தம்பி நடக்கிறான், மழை நல்ல மழை. அப்பா படித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், ஆசை தீரட்டும்" என்பார். கூப்பிடாமல் எப்படி வருவது என்று அவள் அங்கே இருந்தாள். கேட்காமல் எப்படிக் கூப்பிடுவது என்று இவர் இங்கே இருந்தார். ராத்திரி படுக்கப் பாயை விரிக்கும்போது அவளுடைய இடத்தையும் சேர்த்து விரித்துவிட்டு, பிறகு மடக்கிவைப்பார். நான் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே, "மலைக்குப் போவோமா?" என்றார். ஃபிளாஸ்க் இல்லை, தம்பி இல்லை. கெராமத்துக்கு முன்னால் பாய் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டு துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார்.

"வாங்க தம்பி. தங்கச்சி வரலையா?"

"ஊருக்குப் போயிருக்காங்க பாய்."

பாயின் முகம் மாறிவிட்டது. "ஊருக்கா? அனுப்பிட்டீங்களா?" என்றார். பிறகு, கணவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, தானே சொல்லிக்கொண்டு போனார். "அழுதுக்கிட்டேல்ல சொன்னுச்சு அந்தப் புள்ள. என்னை ஊருக்கு அனுப்பிடக் கூடாது, எந்தக் கஷ்டம் வந்தாலும் இங்கேயே அவரோடயே இருக்கணும், துஆ கேளுங்க பாய்னு. நானும் நாலு வெள்ளிக்கிழமை கேட்டேன்."

அப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பாயிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கத் தொடங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்தார். நான் இரண்டு படி மேலே நின்றேன்.

"அன்னைக்கு அம்மா சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலை."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"நீங்க கேட்டீங்களே."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். என் கையைப் பிடிக்கவில்லை. அந்தப் படிகளை முதல் முறையாக நான் தனியாக இறங்கினேன். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் மணி எத்தனை என்றுகூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். அதைவிட அடித்திருக்கலாம். கோபம் என்மேலா, அவர்மேலா என்று எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை. முப்பத்தைந்து வயது ஆம்பிளை, பெண்டாட்டியிடம் கேட்க வேண்டியதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டாரே என்று இப்போது எனக்கும் அவர்மேல் கொஞ்சம் கோபம் வருகிறது. பிறகு அந்தப் பலகைச் சுவர் ஞாபகம் வருகிறது.

மறுநாள் காலையில் தந்தி அடித்தார். உடனே புறப்படவும் என்று அவ்வளவுதான். ஊரில் தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம். பிரித்துப் படிப்பதற்குள் தெருவே கூடி ஒப்பாரி வைத்துவிட்டதாம். படித்துச் சொன்னதும் அம்மா அழுகையை நிறுத்தாமலே பெட்டி கட்டினாளாம். இதைப் பிற்பாடு அவளே நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வந்து சேர்ந்த முதல் ஞாயிறே, "துணியை அவுக்கணும். வேண்டுதல் பலிச்சா அவுத்துடணும்" என்றாள். நாலு பேரும் போனோம். தம்பி தானே படி ஏறினான். மரத்தடிக்குப் போனதும் அம்மா திகைத்து நின்றாள். மலாய்க்காரர்கள் கட்டிய சாயத் துணிகள் மஞ்சளாகவே இருந்தன. அரைத்த மஞ்சளில் நனைத்தது வெயிலில் நிற்குமா? வெளுத்துப்போன துணிகள் மட்டும் அந்தக் கிளையில் ஏழெட்டு இருந்தன. ஏழெட்டும் நம்ம பெண்கள் கட்டியவை.

அப்பா மெதுவாகச் சொன்னார். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள் அம்மா. மலைமேல் பலகை இல்லை. அவள் குரல் நன்றாகவே கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. அப்பா சொல்லியிருக்க வேண்டும். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே அன்னைக்குக் கூட நின்னே. எதுடி நம்ம துணி?"

சோதித்தாளா, நிஜமாகவே கேட்டாளா, அதுவும் எனக்குக் குழப்பம்தான். என் கை பழக்கத்தில் பாதி உயர்ந்துவிட்டது. ஏதோ ஒன்றைக் காட்டியிருப்பேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதும்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அம்மா கிளையை ஒருமுறை பார்த்தாள். வெளுத்த துணி ஒன்றின் முடிச்சில் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"அப்போ எல்லாமே இருக்கட்டும். தப்பா வேற எவளோடதையாவது அவுத்துட்டா, பாவம், அவளைக் கப்பல்ல ஏத்திடுவாங்க."

இறங்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.